செப்பேடும் சர்வரும்: உரிமம் என்னும் பிரதியை வாசித்தல்

1

மென்பொருள் என்றாலே அது எஞ்சினியர்களின் சமாச்சாரம், எழுத்தாளர்களுக்கும் இயக்கத்துக்காரர்களுக்கும் அதில் என்ன வேலை என்கிற எண்ணம் நம் வட்டாரங்களில் இருக்கிறது. இந்த எண்ணத்தை முதலில் சட்டமே மறுக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்படி கணினி நிரல் என்பது ‘இலக்கியப் படைப்பு’. கவிதை, நாவல், கட்டுரை இருக்கிற அதே வரிசையில் நிரலும் உட்கார்ந்திருக்கிறது. எழுதியவர் எதுவும் சொல்லாமல் விட்டால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே, அல்லது அவருக்குச் சம்பளம் கொடுத்த முதலாளிக்கே. ஆக, ‘நெட்டில் கிடந்தது, எடுத்துக்கொண்டோம்’ என்பது செல்லாது. உரிமம் எழுதப்படாத நிரல் புறம்போக்கு நிலம் அல்ல, பூட்டிய வீடு. அந்தப் பூட்டைத் திறப்பது உரிமம், அதாவது லைசென்ஸ் என்கிற ஒரு சின்னப் பிரதி.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இயங்கும் ஒரு சிறு அமைப்பு தனக்கென்று ஒரு சர்வர் வைத்துக்கொள்ள நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏரிப் பாசனக்காரர்களின் மடைக் கணக்கோ, மகளிர் குழுக்களின் வரவுசெலவோ, ஒரு சிறுபத்திரிகையின் பழைய இதழ்களோ அதில் ஏறலாம். அந்த ஒரு பெட்டிக்குள் எத்தனை பேருடைய எழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடியில் லினக்ஸ். அதன் மேல், கேட்டவருக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கிற அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ். தகவலைச் சேர்த்து வைக்கிற மரியாடிபி அல்லது போஸ்ட்கிரஸ். தளத்தை ஆளுகிற வேர்ட்பிரஸ் மாதிரி ஒன்று. வாசிப்பவரின் திரையில் போய் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகள். கடைசியாகத் தமிழ் எழுத்துரு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம். நாமோ ‘சம்மதம்’ என்கிற பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். வாசிக்காமல் ஒப்புக்கொள்வதில் நமக்கு நீண்ட மரபு உண்டு, கைநாட்டுக் காலத்திலிருந்தே.

உரிமம் என்பது ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் தருணத்தில் எழுதப்படுகிற பிரதி. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எவ்வளவு காலத்துக்கு, எந்த நிபந்தனையோடு என்பதை அது சொல்லும். ஆனால் சர்வர் என்கிற ஏற்பாட்டில் பொருள் கைமாறுவதே இல்லை. நிரல் அங்கேயே இருக்கிறது. அதன் பலன் மட்டும் கம்பி வழியே வருகிறது. கைமாறும் தருணத்தை மையமாக வைத்து எழுதப்பட்ட உரிமங்கள் இங்கே சத்தமில்லாமல் செயலிழந்துபோகின்றன. இதைப் புரிந்துகொள்ள நம் வட்டாரத்து வரலாற்றையே கொஞ்சம் புரட்டலாம். கொடுத்தல் பற்றிய பிரதிகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

2

பாகூர் என்றதும் ஏரியும் மூலநாதர் கோயில் கல்வெட்டுகளும் நினைவுக்கு வரும். பழம்பெருமை பேசுகிறவர்கள் அதிகமாகக் குறிப்பிடுவது பாகூர்ச் செப்பேடுகளை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், சமஸ்கிருதத்திலும் தமிழிலுமாக எழுதப்பட்டவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் எனப்பட்ட கல்விச்சாலைக்கு செட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களைக் கொடுத்ததை அவை பதிவு செய்கின்றன. கொடுத்தவர் மன்னருக்குக் கீழிருந்த ஒரு சிற்றரசர். மன்னரிடம் விண்ணப்பித்து, அனுமதி பெற்றுக் கொடுத்திருக்கிறார்.

‘ஆயிரம் வருடத்துக்கு முன்பே எங்கள் ஊரில் கல்லூரி இருந்தது’ என்று மார்தட்டுவது ஒரு வாசிப்பு. அதை வேண்டிய மட்டும் செய்தாகிவிட்டது. இன்னொரு வாசிப்பும் உண்டு. இந்தப் பிரதியில் அறிவு இலவசம். படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? மூன்று ஊர்களிலும் உழுதவர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு அந்த வித்யாஸ்தானத்தின் வாசல் திறந்திருந்ததா என்றால், பிராமணர்களின் கல்விக்கென்று எழுதப்பட்ட கொடையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. விளைவிப்பவர் ஒருவர், உண்பவர் வேறொருவர். இருவருக்கும் நடுவில் நிற்பது ஒரு பிரதி. அந்தப் பிரதியை எழுதும்போது விளைவித்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆக, உரிமப் பிரதிகளை வாசிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் பாகூரிலேயே கிடைத்துவிடுகின்றன. கொடுப்பவருக்குக் கொடுக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? கால எல்லை என்ன? இலவசம் என்றால் யாருக்கு இலவசம், யாருடைய உழைப்பில் இலவசம்? மென்பொருள் உரிமங்களில் ‘இலவசம்’ என்ற சொல் வரும்போதெல்லாம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

3

இன்னொரு கைமாறுதல் வில்லியனூர் கொம்யூனில், கீழூரில் நடந்தது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி, பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே மாதத்தில். சட்டப்படியான மாற்றம் முழுமையானது 1962 ஆகஸ்ட் 16இல். நடைமுறைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏறக்குறைய எட்டு வருடம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்சி கைமாறியபோது எழுதப்பட்ட நிபந்தனைகள் ஆட்சி போன பிறகும் உயிரோடு இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியதும் இன்றுவரை இயங்குவதும் அந்தப் பேச்சுவார்த்தையின் விளைவு. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வந்த ‘ரெனோன்சான்’ குடும்பங்களின் சொத்து விவகாரங்களும் அப்படியே. எது எழுதப்பட்டதோ அது நின்றது. எழுதப்படாதது பின்னால் வந்தவர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கூடவே, வாக்களித்தது 178 பேர்தான். சாதாரண சனங்கள் அல்ல. நிபந்தனைகளை எழுதும் அறைக்குள் யார் இருந்தார்கள் என்பது எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி. சர்வரில் ஏறுகிற ஒவ்வொரு கூறுக்கும் இப்படி ஓர் அறை உண்டு.

4

இனி நேராகக் கணினிக்கு வரலாம். 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி நிதியுதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் ‘தகவல் கிராமம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் மையம் வில்லியனூர். அங்கிருந்து கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் நிலையங்களுக்குத் தகவல் போனது. தொலைபேசியை நம்ப முடியாத ஊர்களுக்கு வானொலி அலை வழி இணைப்பு. மின்சாரத்தை நம்ப முடியாததால் சூரிய ஒளித் தகடுகள். தானிய விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி என்று அந்தந்த ஊருக்கு வேண்டியதை உள்ளூர்த் தொண்டர்களே, பெரும்பாலும் பெண்கள், தமிழில் தொகுத்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2001இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

வெளிநாட்டு நிதி, தொண்டு நிறுவனம், ‘அறிவுப் புரட்சி’ என்ற சொல்லாடல் எல்லாவற்றின் மீதும் நமக்கு விமர்சனம் உண்டு. இருந்தாலும் அந்தத் திட்டத்தின் ஒரு நிபந்தனை கவனிக்கத் தக்கது. நிலையம் பொது இடத்தில் இருக்க வேண்டும். சாதி, பால் வேறுபாடின்றி எல்லோரும் வந்துபோக வேண்டும். அதற்கு ஊர் சம்மதித்தால்தான் கணினி. இதுவும் ஓர் உரிமம்தான். கட்டற்ற மென்பொருளின் இலக்கணத்தில் முதலாவதாக வருகிற சுதந்திரமும், யாரும் எந்த நோக்கத்துக்கும் நிரலை இயக்கலாம் என்பதே. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆனால் எம்பலத்தில் நிலையம் இருந்தது கோயில் இடத்தில். கோயில் இடத்தில் கணினி இருக்கும்போது காலனியிலிருந்து வருகிறவரின் கால் எங்கே தயங்கும் என்பது எந்த உரிமத்திலும் எழுதப்படுவதில்லை. ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்கிற வாசகம் தேவை. அது மட்டும் போதாது.

‘எந்த நோக்கத்துக்கும்’ என்பதன் அருமையை 2004 டிசம்பர் 26 காட்டியது. தெற்கே கடலோரத்தில் உள்ள நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்ததும், அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊர் சனங்களை வெளியேற்றினார்கள். அந்த ஒலிபெருக்கியை வைத்தவர்கள் சுனாமியை நினைத்து வைக்கவில்லை. ஒரு கருவியை அதைக் கொடுத்தவர் நினைத்துப் பார்க்காத காரியத்துக்குத் திருப்பும் உரிமை உயிரையே காப்பாற்றும்.

ஆனால் நிலையத்துக் கணினிகளில் ஓடிய மென்பொருளின் உரிமம் எப்படிப்பட்டது? அவற்றில் ஓடியது விண்டோஸ் 95, 98. மைக்ரோசாஃப்டின் அலுவலகத் தொகுப்பு. இயக்கலாம்; திறந்து பார்க்கவோ, திருத்தவோ, பக்கத்து ஊருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவோ முடியாது. விண்டோஸ் 98க்கான ஆதரவை 2006 ஜூலையில் அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஊரைக் கேட்கவில்லை, கேட்கும்படி எந்தப் பிரதியிலும் எழுதப்படவில்லை.

இதைவிட நுட்பமான பூட்டு எழுத்துருவில் இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தில் இருந்தன. ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் எழுத்துக் குப்பை. அந்தக் காலத்துத் தமிழ் இணையத்தளங்கள் தங்கள் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளச் சொல்லும், நினைவிருக்கும். அதாவது, உங்கள் கட்டுரை உங்களுடையதுதான். ஆனால் அதை வாசிக்கத் தேவையான எழுத்துரு ஒரு கம்பெனியினுடையது. கம்பெனி போனால் கட்டுரையும் போச்சு. பதிப்புரிமை எழுத்தாளரிடம், சாவி வியாபாரியிடம்.

இதற்கு எதிர்நிலையும் அதே 1998இல்தான் தொடங்கியது. கு.கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைத்த ‘மதுரைத் திட்டம்’ அந்த ஆண்டுப் பொங்கலன்று ஆரம்பமாயிற்று. பல நாடுகளில் உள்ள தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார்கள். எல்லோருக்கும் திறந்திருந்த குறியேற்றத்தில் வைத்ததால், பின்னால் யூனிகோடு வந்தபோது அவற்றை மாற்ற முடிந்தது. தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010இல்தான். அதற்குள் தனியார் குறியேற்றங்களில் தேங்கிப்போன தமிழ் கொஞ்சமா?

5

இப்போது சர்வருக்கு எந்த உரிமம் என்கிற கேள்விக்கு வரலாம். கட்டற்ற மென்பொருள் உரிமங்களை இரண்டு குணங்களாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தாராள உரிமங்கள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகியவை இந்த ரகம். எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய். எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்காதே. 1995இல் ஒரு பல்கலைக்கழக நிரலின் மீது ஒட்டுப்போட்டு வளர்ந்த அப்பாச்சி வலை வழங்கியும், ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸும் இப்படிப்பட்டவை. இரண்டாம் வகை, அளிப்புரிமை. ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கிய ஜிபிஎல் இதன் முன்மாதிரி. 1989இல் முதல் பதிப்பு, 1991இல் இரண்டாவது, 2007இல் மூன்றாவது. உனக்குக் கிடைத்த சுதந்திரத்தை நீ கைமாற்றும்போது அடுத்தவருக்கும் கொடு; மாற்றி எழுதியிருந்தால் அந்த மூல நிரலையும் கொடு. லினக்ஸ் கருவும் வேர்ட்பிரஸும் இந்த வழியில் வந்தவை.

ஜிபிஎல்லின் நிபந்தனை விழித்துக்கொள்வது எப்போது? நிரலின் பிரதியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது. 1991இல் இது சரிதான். மென்பொருள் பிளாப்பி வட்டில் கைமாறிய காலம். சர்வரிலோ நிரல் நகர்வதில்லை. ஒரு பெரிய நிறுவனம் ஜிபிஎல் நிரலை எடுத்து, தனக்கு வேண்டியபடி மாற்றி, தன் சர்வரில் ஓட்டி, கோடிப் பேருக்குச் சேவை விற்கலாம். யாருக்கும் பிரதி கொடுக்கவில்லை. எனவே மூல நிரலையும் கொடுக்க வேண்டியதில்லை. உரிமத்தை மீறவும் இல்லை. பயனர்கள் ஒவ்வொரு நாளும் அந்த நிரலை இயக்குகிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அதைப் பெற்றவர்கள் இல்லை. பாகூர்ச் செப்பேட்டின் உழவர்களைப் போல, பிரதிக்கு வெளியே நிற்பவர்கள்.

இந்த ஓட்டையை அடைக்க எழுதப்பட்டது அஃபெரோ ஜிபிஎல், சுருக்கமாக ஏஜிபிஎல். 2002இல் ஹென்றி பூல் என்பவரின் நிறுவனத்துக்காக முதலில் வந்தது. 2007 நவம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அதன் 13ஆம் பிரிவுதான் உயிர்நாடி. மாற்றி எழுதிய நிரலை வலைப்பின்னல் வழியே பிறர் பயன்படுத்தும்படி வைத்தால், அப்படிப் பயன்படுத்துகிற ஒவ்வொருவருக்கும் மூல நிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். கைமாறுதல் என்ற தருணத்தை எதிர்பார்க்காமல், பயன்பாடு என்ற தொடர்ச்சியைப் பிடித்துக்கொள்கிற உரிமம் இது.

இது வெறும் காகிதத்தில் இருக்கிற விஷயம் இல்லை. 2021 அக்டோபரில் டொனால்ட் டிரம்பின் ‘ட்ரூத் சோஷியல்’ தளம், ஏஜிபிஎல்லில் உள்ள மாஸ்டடான் நிரலை எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தராமல் வெளிவந்தது. மாஸ்டடான் தரப்பு முறைப்படி கடிதம் அனுப்பியது. நவம்பரில் மூல நிரலை வெளியிட்டார்கள். கூகுள் நிறுவனம் ஏஜிபிஎல் நிரல்களைத் தனக்குள் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஓர் உரிமத்தைப் பெரிய வீட்டுக்காரர்கள் வாசலிலேயே நிறுத்துகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

ஆனால் சர்வரிலிருந்தும் சில பொருட்கள் உண்மையிலேயே கைமாறுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகள் வாசகரின் கணினிக்கே போய் ஓடுகின்றன. வலை எழுத்துருவும் அப்படியே. பக்கம் திறக்கிற ஒவ்வொரு முறையும் நீங்கள் அவற்றை விநியோகிக்கிறீர்கள். எனவே ஒரு கம்பெனி எழுத்துருவை நம் கணினியில் வைத்திருக்க உரிமை இருப்பதால், அதைத் தளத்திலும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. எழுத்துருக்களுக்கென்றே எஸ்ஐஎல் அமைப்பு எழுதிய திறந்த எழுத்துரு உரிமம் இருக்கிறது. 2007 முதல் அதன் 1.1 பதிப்பு புழங்குகிறது. தொடக்கத்தில் ஜிபிஎல்லில் வந்த லோகித் எழுத்துருக்கள் 2011இல் இதற்கு மாறின. நோட்டோ, கட்டமரான், முக்தா மலர் என்று இந்த உரிமத்தில் தமிழ் எழுத்துருக்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஒரே சர்வரில் வேறு வேறு உரிமக் கூறுகள் இருந்தால் ஒன்றோடொன்று மோதாதா? தனித்தனி நிரல்களாக இருக்கும்வரை மோதாது. ஒரே தெருவில் தனித்தனிக் குடித்தனம் மாதிரி. லினக்ஸின் மேல் அப்பாச்சி ஓடுவதில் ஒரு சிக்கலும் இல்லை. ஒரே உலையில் போட்டுக் கொதிக்கவைக்கும்போதுதான், அதாவது ஒன்றின் நிரலை இன்னொன்றில் கலந்து ஒரே நிரலாக்கி அதைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான், பொருத்தம் பார்க்க வேண்டும். அப்பாச்சி 2.0 உரிம நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு சேர்க்கலாம். இரண்டாம் பதிப்போடு மட்டும் நிற்கிற நிரலோடு சேர்க்க முடியாது.

6

இவ்வளவு தெரிந்துகொண்டால் போதுமா? போதாது என்று 2018க்குப் பிறகான வரலாறு சொல்கிறது. உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அதை மாற்றி எழுதும் அதிகாரம் யாரிடம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மாங்கோடிபி என்ற தரவுத்தளம் ஏஜிபிஎல்லில் இருந்தது. 2018 அக்டோபரில் அந்த நிறுவனம் தானே எழுதிய எஸ்எஸ்பிஎல் என்ற புது உரிமத்துக்கு மாற்றியது. அதைத் திறந்த மூல உரிமமாக ஏற்கும்படி கேட்ட விண்ணப்பத்தையும் பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. எலாஸ்டிக்சர்ச் 2021இல் அப்பாச்சி உரிமத்தைக் கைவிட்டது. அமேசான் அதன் பழைய நிரலிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற கிளையைத் தொடங்கியது. 2009 முதல் பிஎஸ்டி உரிமத்தில் இருந்த ரெடிஸ் 2024 மார்ச்சில் கதவைச் சாத்தியது. சில நாட்களுக்குள் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளை முளைத்தது. பிறகு 2024இல் எலாஸ்டிக்கும், 2025 மே மாதத்தில் ரெடிஸும் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டன.

இந்த நிறுவனங்கள் சொன்ன காரணம்: மேகக்கணினி வியாபாரம் செய்கிற பெருமுதலைகள் நம் நிரலை எடுத்துக் காசு பார்க்கிறார்கள், நமக்கு ஒன்றும் தருவதில்லை. குற்றச்சாட்டு பொய்யல்ல. ஆனால் ‘நம் நிரல்’ என்பதில் அந்த ‘நாம்’ யார்? உலகெங்கும் சம்பளமில்லாமல் பிழை திருத்தி, துண்டு துண்டாக எழுதிக் கொடுத்தவர்களும் அதில் சேர்த்தியா? தாராள உரிமத்தில் எழுதிக் கொடுத்ததை யாரும் புதிய நிபந்தனையோடு விநியோகிக்கலாம். அளிப்புரிமையில் அப்படி முடியாது. எனவே சில நிறுவனங்கள் பங்களிப்பவர்களிடம் தனியாக ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கின்றன. அந்தப் பத்திரம் கையில் இருந்தால் எந்த உரிமத்தையும் மாற்றலாம். சிற்றரசருக்கும் பேரரசருக்கும் நடக்கும் பங்குச் சண்டையில் உழுதவரின் பெயர் மறுபடியும் காணாமல் போகிறது.

எதிர்உதாரணங்களும் உண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் சன் கைக்குப் போய், 2010இல் ஆரக்கிள் கைக்கு வந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2009இல், அதை உருவாக்கியவர்களில் ஒருவரே மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கிவிட்டார். ஜிபிஎல் அதற்கு வழி விட்டிருந்தது. ஓர் உரிமத்தின் உண்மையான வலிமை நல்ல காலத்தில் தெரியாது. சொந்தக்காரர் மாறும்போதுதான் தெரியும். வெளியேறும் உரிமை, பிரிந்துபோகும் உரிமை, கூடவே நிரலையும் தகவலையும் எடுத்துக்கொண்டு போகும் உரிமை: இதுதான் சோதனை.

7

நம் கற்பனை அமைப்பு என்ன செய்யலாம்? பிறர் எழுதிய கூறுகளை அப்படியே ஓட்டுவதற்கு, மேலே சொன்ன எந்தக் கட்டற்ற உரிமமும் தடையில்லை. அளிப்புரிமை என்று பயந்து ஓட வேண்டியதில்லை. ஏஜிபிஎல்லின் 13ஆம் பிரிவும் நிரலை மாற்றி எழுதினால்தான் பொருந்தும். அதேபோலப் பயன் தருகிற இரண்டு கூறுகள் இருந்தால், ஒரே கம்பெனியின் பிடியில் இருப்பதைவிட அறக்கட்டளையோ பரந்த சமூகமோ பராமரிப்பதை எடுக்கலாம். அப்பாச்சி, போஸ்ட்கிரஸ் போன்றவை இந்த வகை. தாங்களே எழுதுகிற நிரலுக்கு ஏஜிபிஎல். பாகூர் மடைக் கணக்குக்காக எழுதியதை நாளைக்கு ஒரு கம்பெனி எடுத்து ‘நீர் மேலாண்மைச் சேவை’ என்று கொம்யூன் பஞ்சாயத்துக்கே விற்றால், அதன் மூலத்தைக் கேட்கும் உரிமை பாகூர்க்காரருக்கு இருக்க வேண்டும். கட்டுரைகளுக்கும் தொகுப்புகளுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘அதேபோல் பகிர்’ என்ற வகை. 2012இல் தொடங்கிய கணியம் இதழும், 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் இந்த உரிமங்களைத் தமிழ் எழுத்தாளர்களிடையே பழக்கப்படுத்தியிருக்கின்றன.

கடைசியாக ஒன்று, இதை நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது கால அளவைச் சொல்லாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். நில எல்லையைச் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். 30அ பிரிவு இதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்று ஒற்றை வரியில் எழுதிப் போடுகிற நல்ல மனசுக்காரரின் கொடை ஐந்து வருடத்தில் காலாவதி என்று ஒரு வக்கீல் வாதாட முடியும். அப்பாச்சி 2.0 ‘நிரந்தரமாக, உலகெங்கும்’ என்று எழுதியே வைத்திருக்கிறது. ஜிபிஎல், ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்புகள் பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும், திரும்பப் பெற முடியாதபடி என்கின்றன. எம்ஐடி உரிமம் காலத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. சொந்தமாக நாலு வரி உரிமம் எழுதுகிற வேலை வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. கல்வெட்டு எழுதியவனுக்கு இது தெரிந்திருந்தது. ‘சந்திராதித்தவரை’ என்று சூரியனும் சந்திரனும் உள்ளவரை செல்லும்படி எழுதி வைத்தான்.

உரிமம் ஒன்றே விடுதலை தந்துவிடாது. எம்பலத்துக் கோயில் வாசலில் தயங்கிய கால் எதுவாக இருந்தாலும் அதை ஏஜிபிஎல் உள்ளே அழைத்துவராது. அதற்கு வேறு போராட்டம் வேண்டும். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் மாதிரி அமைப்புகள் இருக்கின்றன. சாதியொழிப்பு, விவசாயி, மீனவர் அமைப்புகளும் இருக்கின்றன. இந்த இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஓர் உரிமத்தை வரி வரியாக வாசித்துப் பார்க்கலாம். செப்பேடு எழுதியபோது உழுதவர் அந்த இடத்தில் இல்லை. கீழூரில் 178 பேர் இருந்தார்கள். சர்வருக்கான பிரதியை எழுதும் இடத்தில் இந்த முறை யார் இருக்கப்போகிறார்கள்?